போன்சாயில் இளம் கரும்பைன்

ஜப்பானியக் கரும்பைன் (பைனஸ் துன்பெர்ஜியை) ஜப்பானின் ஹொன்ஷு, ஷிகொக்கு, கியூஷு தீவுகளின் கடற்கரைகளிலும் தென்கொரியாவின் கரையோரத்திலும் இயல்பாக வளரும் ஊசியிலை மரம். ஜப்பானியர் இதைக் குரோமாட்சு என்பர். 1775-76ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் தங்கித் தாவரங்களைத் திரட்டிய சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பெர்க்கின் நினைவாக இதற்கு அறிவியல் பெயர் இடப்பட்டது. இரண்டிரண்டாக அமைந்த விறைப்பான இலைகளும், வெண்ணிறக் குளிர்கால மொட்டுகளும், முதிர்ந்ததும் வெடித்துத் தடிக்கும் கருஞ்சாம்பல் பட்டையும் இதன் அடையாளங்கள். தரையில் 30 மீட்டருக்கு மேலும் உயரக்கூடிய இம்மரம், தொட்டியில் ஒரு முழ உயரத்திற்குள்ளேயே முதுமரத்தின் தோற்றத்தைப் பெறுகிறது.

போன்சாய்க் கரும்பைனின் வளர்ப்பு இரு கட்டங்களாக நடைபெறுகிறது. முதற்கட்டத்தில் வேரும் அடிமரமும் உருவாக மரம் தாராளமாக வளரவிடப்படும். இரண்டாம் கட்டத்தில் வளர்ச்சி கட்டுப்படுத்தப்பட்டுக் கிளைகளும் இலைகளும் நுணுக்கமாக்கப்படும். இவ்வரிசை மாறினால் அடிமரம் மெலிந்தே நின்றுவிடும்.

விதைப்பும் நாற்றும்

விதைகள் ஒரு நாள் நீரில் ஊறவைக்கப்படும். மிதப்பவை பெரும்பாலும் பொக்காக இருக்குமாதலால் நீக்கப்படும். மூழ்கியவை ஈரப்பதத்துடன் ஓரிரு மாதம் குளிர்ச்சியில் வைக்கப்பட்டு, இளவேனில் தொடக்கத்தில் விதைக்கப்படும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளை வெளிவரும்.

பைன் நாற்று இயல்பாகவே ஆழமான ஆணிவேரை விடும். போன்சாய்க்கு வேண்டியதோ, அடிமரத்தைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் மண்ணின் மேல்மட்டத்தில் பரவும் வேர்கள். இதற்காக நாற்றுவெட்டு என்னும் முறை கையாளப்படுகிறது. முளைத்து ஆறு முதல் எட்டு வாரங்களில், விதையிலைகளின் நடுவே முதல் ஊசியிலைகள் தோன்றியதும், நாற்று பிடுங்கப்பட்டு, அதன் தண்டு கூரிய அலகினால் நேராக வெட்டப்படும். ஆணிவேர் முழுவதும் கழிந்துவிடும். எஞ்சிய சிறு தண்டின் நுனி வேரூக்கியில் தோய்க்கப்பட்டு, ஈரமணலில் நடப்பட்டு, காற்றும் கடுவெயிலும் படாமல் காக்கப்படும். வெட்டுவாயின் விளிம்பைச் சுற்றிப் புதுவேர்கள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் கிளம்பும். சில நாற்றுகள் பட்டுப்போவது இயல்பு என்பதால் வளர்ப்போர் தேவைக்கு அதிகமாகவே விதைப்பர்.

மண்ணும் தொட்டியும்

கரும்பைனுக்கு நாள் முழுவதும் வெயிலும், வேரைச் சுற்றிக் காற்றோட்டமும் வேண்டும். அகடாமா எனப்படும் எரிமலைக் களிமண் குருணைகள், எரிமலை நுரைக்கல், பருமணல் ஆகியவற்றைச் சலித்துத் தூசி நீக்கிக் கலவை தயாரிக்கப்படுகிறது. நீர் தேங்கினால் வேர் அழுகும். இளமரங்களைச் சல்லடைபோன்ற நெகிழிக் கூடைகளில் வளர்ப்பதும் உண்டு. துளைகளை எட்டும் வேர்நுனி காற்றுபட்டுக் காய்வதால், உள்ளே சல்லிவேர்கள் பெருகுகின்றன. வேர்களோடு வெண்ணிறப் பூஞ்சை கூட்டுவாழ்வு நடத்தி நீரையும் சத்தையும் உறிஞ்ச உதவுகிறது. ஆகவே மண்மாற்றும்போது பழைய மண் முழுவதும் கழுவப்படுவதில்லை. இளமரங்களுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, மொட்டு விரியுமுன் மண்மாற்றம் செய்யப்படும்.

அடிமரத்தை வளைத்தலும் தடிக்கவைத்தலும்

தண்டு எளிதில் வளையும் முதல் சில ஆண்டுகளிலேயே கம்பி கட்டப்படுகிறது. அலுமினியக் கம்பியின் ஒரு முனை வேரருகே மண்ணில் ஊன்றப்பட்டு, மறுமுனை தண்டின்மீது சாய்வாகச் சுற்றப்படும். முதல் வளைவு அடியிலிருந்தே தொடங்கவேண்டும். அப்பகுதி தடித்தபின் அதை வளைப்பது கடினம். தண்டு பருத்துப் பட்டையில் கம்பி பதியுமுன் அது கழற்றப்படும்.

தொட்டிப் பைன் தானாகத் தடிப்பது மிக மெதுவாகவே நடக்கும். அதனால் உச்சிக் குருத்தோ ஒரு கிளையோ கவாத்து செய்யப்படாமல் ஓடவிடப்படும். அது ஒரு மீட்டருக்கு மேலும் நீண்டு, தன் கீழுள்ள அடிமரத்தைப் பருக்கச்செய்யும். பின்னாளில் அது வெட்டியெறியப்படும். பைன் மரத்தில் இலையற்ற பழங்கட்டையிலிருந்து புதுமொட்டு அரிதாகவே வரும். எனவே வருங்காலக் கிளைகளாகும் கீழ்மட்டச் சிறுகிளைகள் நிழலில் இலையுதிர்த்து மடியாதபடி பாதுகாக்கப்படுகின்றன. ஓடவிட்ட கிளையின் கீழ்ப்பகுதியில் இலைகளைக் களைந்து அவற்றுக்கு வெளிச்சம் விடுவது வழக்கம். உச்சி மாற்றி உச்சி எனப் பலமுறை வெட்டி வளர்ப்பதால் அடிமரம் மேல்நோக்கிச் சீராகக் குறுகும்.

குருத்து வெட்டுதல்

இளவேனிலில் எழும் குருத்துகளைக் கோடையின் தொடக்கத்தில், ஜப்பானில் ஜூன், ஜூலை மாதங்களில், அடியோடு வெட்டினால் கரும்பைன் அதே ஆண்டில் இரண்டாம் முறை துளிர்க்கும். எஞ்சிய வளர்காலம் குறைவாதலால் இத்துளிர்களின் இலைகள் குட்டையாக இருக்கும். ஒரு குருத்தின் இடத்தில் பல மொட்டுகள் வருவதால் கிளைகளும் பெருகும். உச்சிக் குருத்துகள் வலுவானவை, கீழுள்ளவை வலுக்குறைந்தவை. வலுவைச் சமன்செய்ய, வலுக்குறைந்தவை முதலிலும் வலுவானவை சில நாட்கள் கழித்தும் வெட்டப்படும். இலையுதிர்காலத்தில் ஒவ்வொரு நுனியிலும் இரு துளிர்கள் மட்டும் விடப்பட்டு, பழைய இலைகள் பறிக்கப்படும்.

இவ்வேலை மரத்தின் சேமிப்பைப் பெரிதும் உறிஞ்சுவதால், நன்றாக உரமிடப்பட்ட, நோயற்ற, அடிமரம் அமைந்த மரங்களுக்கே பொருந்தும். தடிக்கவேண்டிய நாற்றுக்கு இதைச் செய்தால் வளர்ச்சி தடைபடும். ஆண்டுக்கு ஒருமுறையே துளிர்க்கும் ஐயிலைப் பைனுக்கும் (பைனஸ் பார்விஃப்ளோரா) இம்முறை ஏற்றதன்று. அதன் குருத்துகள் நுனி மட்டுமே கிள்ளப்படும்.

நோய்களும் வளர்ப்பு மையங்களும்

அசுவினியும் சிலந்திப்பேனும் சாற்றை உறிஞ்சும். பூஞ்சைகளால் இலைகள் பழுத்து உதிரும். நூற்புழு ஒன்று உண்டாக்கும் பைன் வாடல் நோய் ஜப்பானின் கடலோரப் பைன் காடுகளைப் பெருமளவில் அழித்துள்ளது.

ஷிகொக்குத் தீவில், ககாவா மாகாணத்தின் தகமாட்சு நகரைச் சேர்ந்த கினாஷி, கொக்குபுன்ஜி பகுதிகள் பைன் போன்சாயின் முதன்மை வளர்ப்பு மையங்கள். அங்கு மரங்கள் பெரும்பாலும் வயல்களில் வரிசையாக நடப்பட்டு, பருத்தபின் தொட்டிக்கு மாற்றப்படுகின்றன. நூற்புழுவுக்கும் பிற பூச்சிகளுக்கும் அஞ்சி நெடுங்காலம் தடைசெய்திருந்த ஐரோப்பிய ஒன்றியம், பதிவுபெற்ற பண்ணைகளில் ஆய்வுக்குட்பட்டு வளர்ந்த கரும்பைன் போன்சாய்களை ஜப்பானிலிருந்து இறக்குமதி செய்ய 2020இல் அனுமதித்தது.