ஐந்து நிமிஷமும் ஐம்பத்து நாலு வருஷமும்

2021ஆம் வருஷம் ஜூலை 23ஆம் தேதி டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவை டெலிவிஷனில் பார்த்துக் கொண்டிருந்தேன். 68,000 பேர் உட்காரக்கூடிய மைதானம். கொள்ளைநோய்க் காலமாதலால் ஆசனங்கள் வெறிச்சென்று கிடந்தன. கிரேக்க வீரர்கள் முதலில் நுழைந்தார்கள். எக்காளங்களுடன் ஒரு கம்பீரமான இசை எழுந்தது. பழைய அரண்மனை இசை ஏதோ என்று நான் எண்ணி முடிப்பதற்குள் என் பேரன் துள்ளி எழுந்து, “தாத்தா, இது டிராகன் குவெஸ்ட்! வீடியோ கேம் பாட்டு!” என்றான்.

எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கம்தான் கோயிச்சி சுகியாமாவைப் பற்றித் தேடிப் படிக்க வைத்தது.

1931இல் டோக்கியோவில் பிறந்தவர். சங்கீதக் கல்லூரியில் சேருமளவுக்குப் பியானோ வாசிக்க வராது என்பதால் டோக்கியோ சர்வகலாசாலையில் படித்தார். வானொலியில் வேலை பார்த்தார். 1958இல் ஃபுஜி டெலிவிஷனுக்குப் போய்ப் பாட்டு நிகழ்ச்சிகளை இயக்கினார். பிறகு அதையும் விட்டுவிட்டு, ‘தி டைகர்ஸ்’ முதலிய வாலிபக் குழுக்களுக்கு மெட்டமைத்துப் பேர் வாங்கினார். சாதாரணமாக ஒரு மனிதருக்கு இவ்வளவு போதும்.

ஆனால் இவருக்கு விளையாட்டுப் பித்து. எனிக்ஸ் என்ற கம்பெனி வெளியிட்ட ஷோகி விளையாட்டை, அதாவது ஜப்பானியச் சதுரங்கத்தைக் கம்ப்யூட்டரில் ஆடிவிட்டு, கூட வந்த அபிப்பிராயக் கார்டைப் பூர்த்தி செய்து வைத்திருந்தார். அதைத் தபாலில் போட்டது அவர் மனைவி என்கிறார்கள். கார்டில் இருந்த பெயரைப் பார்த்துத் திகைத்த கம்பெனிக்காரர்கள், பாட்டு உலகில் பிரசித்தமான அந்தச் சுகியாமாதானா இவர் என்று விசாரித்தார்கள். ஒரு தபால் கார்டில் திரும்பியது அவருடைய வாழ்க்கை.

1986 மே 27ஆம் தேதி டிராகன் குவெஸ்ட் வெளிவந்தபோது அவருக்கு வயது 55. நம்மில் பலர் பென்ஷன் கணக்குப் பார்க்கும் வயது.

அவருக்குக் கிடைத்த வாத்தியம் எப்படிப்பட்டது? நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற பெட்டி. முக்கியமாக அதில் மெட்டுக்கு இரண்டு குரல், தாழ்ந்த சுரத்துக்கு ஒன்று, தாளத்துக்கு வெறும் இரைச்சல் ஒன்று. வாள் வீசும் சத்தம் வேண்டுமென்றால் ஒரு குரல் வாயை மூடிக்கொண்டு இடம் விட வேண்டும்! படம், கதை, இசை எல்லாம் சேர்ந்து 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப்போல் பல மடங்கு இடம் பிடிக்கும். பக்கம் இல்லை, பாதியாக வெட்டுங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் சொன்னால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஜாதி நான். சுகியாமா குறைப்படவில்லை. ஒரே ஒரு புல்லாங்குழலுக்கென்று பாக் எழுதவில்லையா என்பது அவர் கட்சி. அரண்மனைக் காட்சிக்குப் பாக் காலத்துப் பாணியிலேயே, குரல்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போகும்படி எழுதினார். குகைக் காட்சி இன்னும் அழகு. ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்க இறங்க அதே இசைதான் சுருதி தாழ்ந்து, நடையும் தளர்ந்து ஒலிக்கிறது. செலவில்லாமல் இருட்டைக் கனக்க வைத்துவிட்டார்கள். இந்த விளையாட்டை ஆடுகிறவன் ஒரே மெட்டைப் பல மணி நேரம் கேட்டாக வேண்டும். ஆகவே கேட்கக் கேட்கத் தேயாத இசை வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

மைதானத்தில் முழங்கிய அந்த முகப்பிசையை ஐந்து நிமிஷத்தில் எழுதினாராம். ஐந்து நிமிஷம் மட்டுமல்ல, அதற்கு முந்திய ஐம்பத்து நாலு வருஷமும் சேர்ந்துதான் என்று அவரே கணக்குச் சொல்வதுண்டு. அதை நான் நம்புகிறேன்.

1987 ஆகஸ்ட் 20ஆம் தேதி, டோக்கியோவின் சன்டோரி ஹாலில் இந்த இசை தந்தி வாத்தியங்களில் கச்சேரியாகவே அரங்கேறியது. வீடியோ விளையாட்டு இசைக்கென்று ஜப்பானில் நடந்த முதல் கச்சேரி அது.

இவ்வளவோடு நிறுத்திக்கொள்ள ஆசைதான். ஆனால் 2007 ஜூனில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகையில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் பெண்களைப் பலவந்தமாகத் தன் விடுதிகளில் அடைத்ததற்கு ஆதாரமில்லை என்று அது வாதித்தது. அதில் கையெழுத்திட்டவர்களில் சுகியாமாவும் ஒருவர். கொரியாவிலும் சீனாவிலும் பிலிப்பைன்ஸிலும் வயோதிகப் பெண்கள் பலர் அவமானத்தை விழுங்கிக்கொண்டு உலகத்தின் முன் சாட்சி சொல்லியிருந்தார்கள். இசையில் ஒரு சின்ன ஸ்வரத்தின் தேய்மானத்தைக்கூடக் கேட்ட காது, அந்தக் குரல்களைக் கேட்க மறுத்துவிட்டது. அவருடைய திறமையைச் சொல்லி இதை மூடி மறைக்க எனக்கு மனம் வரவில்லை. இதைச் சொல்லி அந்தக் குகை இசையை மட்டம் தட்டவும் வரவில்லை.

விழா நடந்த இரண்டு மாதத்துக்கெல்லாம், செப்டம்பர் 30ஆம் தேதி, 90ஆவது வயதில் சுகியாமா காலமானார். செய்தியைப் பேரன்தான் கொண்டுவந்தான். விளம்பர விஷயத்தை அன்றுதான் அவனிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அதையும் எழுதுங்க தாத்தா” என்றான்.