காடையின் நிறமும் கறியும்

இராமநாதபுரம் கடற்கரையில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே அமைந்த ஊர் திருப்பாலைக்குடி. இது போன்ற வறண்ட கரையோர நிலத்தில், காய்ந்த புல்லுக்குள் ஒரு காடை அசையாமல் பதுங்கிவிட்டால், காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. புல்லின் நிறமே அதன் இறகின் நிறம். பழந்தமிழர் குறும்பூழ் என்று அழைத்த பறவை இது. சோழமண்டலக் கரையின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய காடையும் உண்டு; ‘கோட்டர்னிக்ஸ் கோரமண்டலிக்கா’ எனப்படும் மழைக்காடை அது.

காட்டில் வாழும் காடைக்கு நிறம் உயிர்க்காப்பு. கூண்டில் வளரும் காடைக்கு அது வெறும் அழகுதானா? அல்ல என்று அறிவியல் கண்டறிந்த வரலாற்றைக் காண்போம்.

கடையில் கறிக்கு விற்கப்படுவது நம் காட்டுக் காடை அன்று. அதை வேட்டையாடுவதை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பண்ணையில் வளர்வது ஜப்பானியக் காடை. ஜப்பானியர் முதலில் இதை இனிய குரலுக்காகவே வளர்த்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் முட்டைக்கும் இறைச்சிக்குமான பண்ணைகள் தோன்றின. இந்தியாவுக்கு இது 1974-இல் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. உத்தரப் பிரதேசத்தின் இஜத்நகரில் 1979-இல் நிறுவப்பட்ட மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையமும், நம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் புதிய காடை வகைகளை உருவாக்கின.

முட்டை பொரிக்கப் பதினேழு பதினெட்டு நாள். குஞ்சு வளர்ந்து தானே முட்டையிட ஆறேழு வாரம். ஓராண்டிலேயே மூன்று நான்கு தலைமுறைகளைப் பார்த்துவிடலாம். எனவே மரபியல் ஆய்வாளர்களுக்கு உகந்த பறவையாயிற்று காடை. மஞ்சள், வெள்ளி, வெள்ளை எனப் பல நிறங்கள் கூண்டுகளில் தோன்றின. வெள்ளை நிறத்துக்குச் சந்தையில் ஒரு வசதியும் உண்டு. கருநிறப் பறவையின் இறகைப் பறித்தால் அடிக்குருத்துகள் தோலில் கரும்புள்ளிகளாகத் தெரியும். வெள்ளைப் பறவையில் அவை தெரியா.

ஆனால் நிறத்தை மட்டும் தனியே பிரித்து வாங்க முடியுமா? இக்கேள்விக்கான முதல் விடை சுண்டெலியிடமிருந்து வந்தது. 1905-இல் பிரான்சின் லூசியன் குவெனோ மஞ்சள் எலிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தார். எத்தனை முறை முயன்றும், மஞ்சள் எலிகளை மட்டுமே ஈனும் எலி ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம் 1910-இல் விளங்கியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மஞ்சள் மரபணுவைப் பெறும் கரு பிறக்குமுன்பே அழிந்துவிடுகிறது. மஞ்சள் காடையிலும் இதே கதைதான். அதன் மரபுப்பொருளில் ஒரு பெரிய துண்டு அறுந்துபோயிருப்பதை 2008-இல் கண்டனர். மஞ்சளோடு மஞ்சளை இணைத்தால், கருவுற்ற முட்டைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இக்காரணத்தாலேயே பொரியாது. குஞ்சு பொரிப்பவருக்கு இது நேரான இழப்பு.

வெள்ளிக் காடையின் கதை கறியைத் தொடுகிறது. ‘மிட்ஃப்’ என்ற மரபணு நிறமிச் செல்களை உருவாக்கும் பணியை நடத்துவது. வெள்ளிக் காடையில் இம்மரபணுவின் இரண்டே எழுத்துகள் விடுபட்டுள்ளன. பிழையுள்ள படி ஒன்று இருந்தால் பறவை வெள்ளி நிறம். இரண்டு இருந்தால் முழு வெள்ளை. பிரான்சிஸ் மின்வியேலும் உடன் ஆய்ந்தோரும் 2010-இல் இதை வெளியிட்டனர். அத்துடன், இந்த வெள்ளைக் காடைகளைச் சாதாரணக் காடைகளோடு ஒப்பிட்டும் பார்த்தனர். வெள்ளையின் வளர்ச்சி சற்றுக் குறைவு, உடல் வெப்பம் குறைவு, இதயம் சிறியது. கறிக்கு மிகவும் வேண்டிய மார்புத் தசை எடை குறைந்திருந்தது. வேண்டாத வயிற்றுக் கொழுப்போ கூடியிருந்தது!

ஏன் இப்படி? மரபணு ஒரு வேலைக்கு மட்டும் கூலி வாங்கும் ஆள் அன்று. இறகில் நிறம் தரும் அதே கட்டளை உடலின் வேறு உறுப்புகளிலும் செல்கிறது. இம்மரபணு பழுதான சுண்டெலிகளிலும் இதய வளர்ச்சியும் உடல் வளர்ச்சியும் குன்றியது இதற்குச் சான்று.

அப்படியானால் வெள்ளைக் காடை எல்லாமே தாழ்ந்தவையா? அப்படிக் கொள்வதும் தவறு. எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளை அல்ல. உடலில் கருந்திட்டுகள் உள்ள ‘பாண்டா’ என்னும் வெள்ளைக் காடையில் பழுதானது முற்றிலும் வேறொரு மரபணு என்று 2007-இல் தெரியவந்தது. வெண்மைக்குக் காரணமான மரபணு எது என்று அறியாமல், இறகை மட்டும் பார்த்துக் கறியைக் கணிக்க இயலாது.

மாணவர்கள் இதை எளிய கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். வெள்ளியோடு வெள்ளியை இணைத்தால் நான்கு குஞ்சுகளுக்கு ஒன்று வெள்ளை, இரண்டு வெள்ளி, ஒன்று சாதாரண நிறம் என்ற விகிதம் வரும். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட அதே விதி இங்கும் நடக்கிறது. பண்ணை வைப்போருக்கும் இதில் பாடம் உண்டு. இனப்பெருக்கத்துக்குக் காடையைத் தேர்ந்தெடுக்கையில் கண்ணை மட்டும் நம்பாமல் தராசையும் கையில் எடுக்க வேண்டும். பொரித்த முட்டைகளோடு பொரியாத முட்டைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.