கிளிகளின் அலகு–சிறகு நோய்

வளர்ப்புக் கிளிகளையும் காட்டுக் கிளிகளையும் சர்க்கோவைரஸ் தாக்குவதால் வரும் தொற்றுநோய். 1970களில் ஆஸ்திரேலியாவின் காக்கட்டூகளில் விரிவாக அறியப்பட்டது. புதிதாக முளைக்கும் இறகுகள் கோணி, அடி சுருங்கி உதிரும். சில இனங்களில் அலகு நீண்டு வெடிக்கும். எதிர்ப்பாற்றல் குன்றுவதால் பூஞ்சையும் பாக்டீரியாவும் தொற்றிப் பறவை மடிவதே மிகுதி. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்குஞ்சுகள் இறகு கெடும் முன்பே திடீரென இறந்துவிடுவதுண்டு. கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் பட்ஜரிகர்களும் இந்நோய்க்கு ஆளாகும்.

இறகுத்தூள், எச்சம், தாய் ஊட்டும் இரை ஆகியவற்றால் பரவுகிறது. உறையில்லாத வைரஸ் என்பதால் கூண்டிலும் பெட்டியிலும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். பல கிருமிநாசினிகளுக்கு மசியாது. மனிதருக்குத் தொற்றாது.

இந்த வைரஸை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. கிளிகளுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸ் நோயான பச்சேகோவுக்கு அசைக்ளோவிர் பலன் தரும். அது இங்கே உதவாது. ஆன்டிபயாட்டிக்கும் உடன்வரும் பாக்டீரியாவை மட்டுமே அடக்கும். ஆகவே சிகிச்சை என்பது பராமரிப்புதான்: தனிக் கூண்டு, இதமான சூடு, மென்மையான சத்துணவு, நீண்ட அலகைப் பறவை மருத்துவர் கையால் சீர்செய்தல். கூடலூர்ப் பகுதியிலுள்ள தேவர்சோலை போன்ற மலையூர்களில், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சூடு மிக முக்கியம். ஆனால் கரி அடுப்பை அறைக்குள் வைக்கவே கூடாது. அதன் புகை கிளியின் நுரையீரலுக்கு நஞ்சு. மின்சூடேற்றி அதைவிடப் பாதுகாப்பானது.

இரத்தத்திலும் இறகிலும் செய்யும் பி.சி.ஆர். சோதனை நோயை உறுதிசெய்யும். அறிகுறி இல்லாத பறவைக்கு வைரஸ் இருப்பதாக முடிவு வந்தால் உடனே கைவிட வேண்டியதில்லை. 90 நாள் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். சில பறவைகள் தாமாகவே வைரஸை வென்றுவிடுகின்றன. புதிதாக வாங்கிய கிளியைச் சோதித்து, தனியே வைத்த பிறகே மற்றவற்றோடு சேர்ப்பது நல்லது.

கூடலூர்ப் பகுதியின் காடுகளிலும் காப்பித் தோட்டங்களிலும், மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் நீலச்சிறகுக் கிளி உண்டு. மொரீசியஸ் தீவில் அரிய எக்கோ கிளிகளிடையே இந்நோய் பரவியது இப்பகுதிக்கும் ஓர் எச்சரிக்கை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்ப்பது குற்றம். அடிபட்டுக் கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். நோயுற்ற அயல்நாட்டுக் கிளியை இரக்கப்பட்டுக்கூடத் தேவர்சோலைக் காட்டில் பறக்கவிடாதீர்கள்.