‘தற்காலிகம்’ என்னும் கருவி: பிரிட்டன்–ஜெர்மனி வணிக ஏற்பாடு, 1898–1914

முன்னுரை

1898 முதல் 1914 வரை பிரிட்டனும் ஜெர்மனியும் நிரந்தர வணிக ஒப்பந்தம் இல்லாமலே கொடுக்கல் வாங்கல் நடத்தின. பிரிட்டனுக்கு ‘மிகவும் வேண்டப்பட்ட நாடு’ என்ற தகுதியை ஜெர்மனி தவணை தவணையாகவே தந்தது. இத்தகுதி பெற்ற நாட்டின் சரக்குக்கு, பிற நாடுகளின் சரக்குக்கு உள்ளதைவிடக் கூடுதல் தீர்வை விதிக்கக் கூடாது. குடியேற்ற நாடுகளின் சுங்கத் தன்னாட்சி வளர்ந்ததில் இந்தத் தவணை ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழைய ஒப்பந்தமும் முறிவும்

1865இல் ஜெர்மானிய சுங்க ஒன்றியமான சோல்வெரைனுடன் பிரிட்டன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. பிரிட்டனின் குடியேற்ற நாடுகள் தாய்நாட்டுச் சரக்குக்கு விதிப்பதைவிட ஜெர்மானியச் சரக்குக்கு அதிகமாக விதிக்கக் கூடாது என்று அதன் 7ஆம் பிரிவு கட்டுப்படுத்தியது. 1862ஆம் ஆண்டின் பெல்ஜிய ஒப்பந்தத்திலும் இத்தகைய பிரிவு இருந்தது. தடையற்ற வணிகத்தை எல்லாரும் நம்பிய காலத்தில் இது யாருக்கும் உறுத்தவில்லை. பேரரசுக்குள் சலுகைத் தீர்வை வேண்டும் என்ற குரல் எழுந்தபோதுதான் உறுத்தியது. 1894இல் கனடாவின் ஒட்டாவாவில் கூடிய குடியேற்ற நாடுகளின் மாநாடு இத்தடையை நீக்கக் கோரியது.

1897 ஏப்ரலில் கனடாவின் நிதியமைச்சர் ஃபீல்டிங், பிரிட்டிஷ் சரக்குக்குப் பயன்படும் வகையில் சலுகைத் தீர்வையை அறிவித்தார். பழைய ஒப்பந்தங்களின்படி அதே சலுகை ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் போய்ச் சேர்ந்தது. இதனால் லண்டன், 1897 ஜூலை 30 அன்று இரு ஒப்பந்தங்களையும் விலக்கிக்கொள்வதாக ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்தது.

தவணை ஏற்பாடு

ஓராண்டு முடிந்ததும் ஜெர்மனி, கூட்டாட்சி அவையான புண்டஸ்ராட்டுக்குச் சட்டத்தின் வழி அதிகாரம் அளித்து, பிரிட்டனுக்கும் அதன் குடியேற்ற நாடுகளுக்கும் பழைய தகுதியைத் தற்காலிகமாக நீட்டித்தது. கனடாவை மட்டும் விலக்கி, சலுகை பெறாத நாடுகளுக்கான பொதுத் தீர்வைக்கு உட்படுத்தியது. நீட்டிப்பு முதலில் ஓராண்டுக்கு. அது பின்பு மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது.

பேரரசு முழுவதையும் ஜெர்மனி ஏன் தண்டிக்கவில்லை? ஜெர்மானியச் சரக்குக்குப் பிரிட்டனே மிகப் பெரிய சந்தை. அங்கே பெரும்பாலான சரக்குக்குத் தீர்வையும் இல்லை. அதனால் அடி கனடாவோடு நின்றது. பிற குடியேற்ற நாடுகளுக்கோ, அடுத்த தவணை கிடைக்காமல் போகலாம் என்ற எச்சரிக்கை எப்போதும் தலைக்கு மேல் தொங்கியது.

கனடாவை விலக்கியது பற்றிய சட்ட வாதம் கூர்மையானது. தாய்நாட்டுக்கும் குடியேற்ற நாட்டுக்கும் இடையிலான சலுகை குடும்ப விவகாரம் என்றது லண்டன். தன் தீர்வையைத் தானே வகுக்கும் நாடு சுங்கக் கணக்கில் தனி நாடே என்றது பெர்லின்.

கனடாவின் எதிர்வினை

1903 ஏப்ரலில் கனடா, ஜெர்மானியச் சரக்கின் மீது வழக்கமான தீர்வையோடு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாக விதித்தது. அதனால் கனடாவில் ஜெர்மானியப் பீட்ரூட் சர்க்கரையின் இடத்தை மேற்கிந்தியக் கரும்புச் சர்க்கரை பிடித்தது. 1910இல் கனடாவில் இருந்த ஜெர்மன் துணைத்தூதரோடு ஒட்டாவா தானே பேசி உடன்பாடு கண்டது. அந்த ஆண்டு மார்ச் 1 முதல் கூடுதல் தீர்வை நீங்கியது. அந்த உடன்பாடும் தற்காலிகமானதே.

இந்தியாவின் கணக்கு

பிரிட்டிஷ் அரசியல்வாதி ஜோசப் சேம்பர்லின் 1903இல் பேரரசுச் சலுகைக்காகப் பரப்புரை தொடங்கியபோது, இந்திய வைஸ்ராய் கர்சனின் அரசு அதே ஆண்டு அக்டோபரில் லண்டனுக்கு அனுப்பிய மடல் தயக்கம் தெரிவித்தது. இந்திய மூலப்பொருள்கள் பெருமளவில் பிரிட்டன் அல்லாத நாடுகளில் விற்பனையாயின. அந்த நாடுகள் பதிலடி கொடுத்தால் இந்தியா பெறுவதைவிட இழப்பதே அதிகம் என்று அந்த மடல் கணித்தது. கனடாவின் அனுபவம் அதற்குக் கண்முன் நின்றது.

முடிவுரை

பேரரசின் ஒற்றுமையைக் காக்க லண்டன் ஒப்பந்தத்தை முறித்தது. கனடாவைத் தனிமைப்படுத்த ஜெர்மனி தவணையைப் பயன்படுத்தியது. கனடாவைத் தனியே தண்டித்த ஜெர்மனி, அதனோடு தனியே பேசவும் வேண்டியதாயிற்று. சுங்க விஷயத்தில் கனடா தனி நாடு என்பதைச் செயலால் முதலில் ஒப்புக்கொண்டது, அதைத் தண்டிக்கப் புறப்பட்ட பெர்லின்தான்.