மஃப்ராஷும் சோபாவும்

நாடோடிகளிடம் அறைகலன் கிடையாது என்று பொதுவாக எண்ணுகிறோம். கட்டிலும் அலமாரியும் மரத்தால்தான் ஆகவேண்டும் என்று கொள்வதால் வரும் எண்ணம் அது. ஈரானின் வடமேற்கில், குளிர்காலத்தில் மோகன் சமவெளியிலும் கோடையில் சபலான் மலைச்சரிவுகளிலும் வாழ்ந்த ஷாசவன் மேய்ச்சல்குடிகள் தங்கள் அறைகலனைக் கம்பளி நூலால் நெய்துகொண்டார்கள். மஃப்ராஷ் என்பது அதன் பெயர். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமும், அதில் பாதி அகலமும் உயரமும் கொண்ட, மேற்புறம் திறந்த துணிப்பெட்டி. வலசையின்போது படுக்கைகளை அதில் அடைத்து, ஒட்டகத்தின் இருபுறமும் இரண்டாகக் கட்டுவார்கள். கூடாரம் அடித்ததும் அவையே உள்ளே ஓரமாக வரிசையில் அமரும்; பகலில் அதுவே சாய்மானம். வெளியே தெரியும் பக்கங்களில் பெண்கள் சுமாக் முறையில், பாவு இழைகளின்மேல் வண்ண நூலைச் சுற்றிச் சுற்றி, நட்சத்திரங்களையும் கொக்கி வடிவங்களையும் விலங்குகளையும் நெய்தனர். தரையில் படும் அடிப்பகுதிக்கு வெறும் கோடுகள் போதும். உழைப்பை எங்கே செலவிடுவது, எங்கே சிக்கனம் காப்பது என்ற கணக்கு இதில் இருக்கிறது. வடிவமைப்பு என்று நாம் சொல்வது இதைத்தானே?

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தகைய நெசவுகள் லண்டன் வரவேற்பறைகளுக்கு வந்து சேர்ந்தன. கீழைநாட்டுச் சேணப்பைகளைப் பிரித்து, ஒரு துண்டைச் சாய்மானத்திலும் இன்னொன்றை இருக்கையிலும் பதித்து, சுற்றிலும் வெல்வெட் ஓரம் வைத்துத் தைத்த நாற்காலிகள் வசதியான வீடுகளில் நாகரிகமாயின. மோகம் பெருகவே, ஆலைகள் அதே கோலங்களை இயந்திரத் தறியில் நெய்யத் தொடங்கின. குதிரையின் முதுகையே காணாத சேணப்பைகள்! மடிக்கவும் சுமக்கவும் பிறந்த ஒரு பொருளை, எளிதில் நகராத ஆசனத்தில் ஆணியடித்து நிறுத்தியதில் சிறு குரூரமும் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இதற்கு ஒரு விலக்கு வியன்னாவில் இருந்தது. 1890 வாக்கில் ஒரு நோயாளி பரிசளித்த சாய்கட்டிலைச் சிக்மண்ட் பிராய்ட் தம் மருத்துவ அறையில் வைத்திருந்தார். கட்டில் சாதாரணமானது. உலகறிந்த அதன் தோற்றம் மேலே கிடக்கும் கம்பளத்தினுடையது. தென் ஈரானின் கஷ்காய் நாடோடிகள் நெய்தது. அதை வெட்டித் தைக்காமல், கூடாரத்தில் விரிப்பதைப் போலவே விரித்திருந்தார்கள். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பிக் குடும்பம் லண்டனுக்குப் பெயர்ந்தபோது கட்டிலும் கம்பளமும் கூடவே சென்றன. இன்றும் அங்குள்ள பிராய்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் படுத்தவர்களின் கனவுகளைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. நெய்தவர்களைப் பற்றி யார் கேட்டார்கள்?

அந்தக் கம்பளம் வியன்னாவில் கிடந்த காலத்தில்தான் ரேஸா ஷா ஈரானின் நாடோடிகளைப் படைபலத்தால் ஓரிடத்தில் குடியமர்த்த முனைந்தார். வலசைப் பாதைகள் மறிக்கப்பட்டன; மேய்ச்சல் கிட்டாமல் மந்தைகள் மடிந்தன. 1941இல் அவர் பதவி இழந்ததும் பலர் மீண்டும் வலசை புறப்பட்டனர். பிறகு லாரிகள் வந்தன. ஒட்டகத்தின் விலாவுக்கு அளவெடுத்த பெட்டிக்கு வேலை குறைந்தது. சந்தைக்கு வந்த மஃப்ராஷ்கள் பலவற்றை வணிகர்கள் பக்கம் பக்கமாக அறுத்து விற்றனர். கோலமிட்ட பக்கங்கள் சுவருக்கும் திண்டுறைக்கும் போயின. கோடு போட்ட அடிப்பகுதியை விரும்புவார் குறைவு.

நாடோடி மரபின் உந்துதல் என்று விளம்பரம் செய்யப்படும் உயர்விலைச் சோபாக்களில் பெரும்பாலும் கோலம் மட்டுமே வருகிறது. கட்டவும் அவிழ்க்கவும் இடம் வைத்த அறிவு வருவதில்லை. அந்த அறிவை டென்மார்க்கின் கோர கிளிண்ட் 1933இல் வடிவமைத்த சஃபாரி நாற்காலியில்தான் காண்கிறேன். அதன் முன்மாதிரி நாடோடிகளின் பொருளன்று. ரூர்க்கி நகரத்தின் பெயர் தாங்கிய, பிரிட்டிஷ் இந்தியப் படையினரின் முகாம் நாற்காலி. ஆயினும் கூடார வாழ்வின் தர்க்கம் அதில் அப்படியே இருக்கிறது. கால்களும் சட்டங்களும் பசையின்றிச் செருகப்பட்டு, தோல்வார்களின் இழுப்பில் நிற்கின்றன. ஒரு பூவோ நட்சத்திரமோ அதில் இல்லை. கழற்றிச் சுருட்டினால் கைக்கடக்கமான ஒரு கட்டு.