ஆடியவளுக்கு இன்பம் உண்டா?

கலை இன்பம் தரும் என்பர் கற்றோர். உண்மைதான்; மறுப்பார் இல்லை. யாழொலி கேட்டு மயங்கியோரும், நடனங்கண்டு நாள்மறந்தோரும் நம் இலக்கியமெங்கும் உலவுகின்றனர். ஆனால், இன்பம் எவருக்கு? கேட்டவருக்கு உண்டு, கண்டவருக்கு உண்டு, பொன்னை வீசிய புரவலனுக்கும் உண்டு. ஆடிய காலுக்கும் பாடிய நாவுக்கும் அதிலே பங்கு இருந்ததா? இந்தக் கேள்வியைக் கையிலேந்தி வரலாற்றைப் புரட்டுவோம்.

முதலில் நம் கண்முன் நிற்பவள் மாதவி. ஐந்தாம் வயதில் ஆடத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். சோழன் அவையிலே தலைக்கோல் பெற்றாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். கலையின் உச்சி அது! வாழ்வின் உச்சியும் அதுவானதா? பொன்மாலை கடைத்தெருவுக்குச் சென்றது. அதை வாங்குபவன் மாதவிக்கும் உரியவனானான். மாலைக்கு விலை கூறியபோதே மங்கைக்கும் விலை கூறப்பட்டுவிட்டது. அதனால்தான் அந்தக் கலையரசி, தன் மகள் மணிமேகலையை ஆடலரங்குக்கு அனுப்ப மறுத்து, அறநெறிக்கு அனுப்பினாள். கலையைப் பழித்தவளல்லள் அவள். கலையோடு பிணைத்த தளையைத்தான் அறுத்தெறிந்தாள்.

இனித் தஞ்சைக்கு வருவோம். 1010இல் நிறைவுற்ற பெரிய கோயிலின் சுவரிலே, இராசராசன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் உண்டு. ஒருத்திக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். மதிப்போடு வாழ்ந்தனர் அவர்கள் என்பதற்கு அது சான்றுதான். ஆயினும், தத்தம் ஊரைவிட்டு வர விரும்பினாயா என்று அவர்களிடம் கேட்டதாக ஒரு வரி உண்டா? நெல்லை அளந்த கல்வெட்டு நெஞ்சத்தை அளக்கவில்லை!

அரசு சாய்ந்தது, நெல்லும் குறைந்தது, தளை மட்டும் குறையவில்லை. விவரம் அறியாச் சிறுமியின் கழுத்திலே பொட்டுக்கட்டி, கடவுளின் மனைவி என்றனர். கடவுள் பெயரால் கட்டப்பட்டவள், காசுள்ளவன் கைப்பொருளானாள். ஊரார் அவள் ஆடலைப் புகழ்ந்தனர். அவள் பிறப்பை இகழ்ந்தனர். இன்பம் ஊருக்கு, இழிவு அவளுக்கு என்பதே அன்றைய பங்கீடு.

இந்தப் பங்கீட்டை எதிர்த்து எழுந்தவர்களுள் இருவர் அந்த மரபை உள்ளிருந்தே அறிந்தவர்கள். ஒருவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1883இல் பிறந்து, தாசி ஒருவரால் வளர்க்கப்பட்டு, இசையும் நடனமும் பயின்றவர். தொழிலை ஏற்க மறுத்தார், மணந்து வாழ்ந்தார், சுயமரியாதை மேடையேறி ஊர் ஊராக முழங்கினார், 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலையும் எழுதினார். மற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இசையும் நடனமும் தொழிலாகக் கொண்ட மரபிலே பிறந்த தாயின் மகள். 1927இல் சென்னைச் சட்டசபையிலே பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். கோயில் ஊழியத்திற்கென விடப்பட்ட மானிய நிலங்கள், ஊழியமின்றியே அப்பெண்களுக்கு உரிமையாக 1929இல் சட்டத்திருத்தம் வந்தது. வழக்கத்தையே ஒழித்த சட்டம் 1947இல்தான் பிறந்தது. இருபதாண்டுப் போராட்டம்!

எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? கலை அழியும் என்றார்கள். ஒரு சிறுமியின் வாழ்வு அழிவதைக் கண்டு துடிக்காத நெஞ்சங்கள், கலை அழியுமே என்று கலங்கின! மற்றோர் எதிர்ப்பும் இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. தேவதாசிகளுள்ளும் சிலர் சட்டம் வேண்டாம் என்று மனுச் செய்தனர். சொத்துரிமையும் கல்வியும் கலைத்திறனும் உடைய தங்களை, விலைமாதரோடு ஒன்றாக எண்ணலாமா என்று கேட்டனர். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமற் போகவில்லை. தளையை அறுப்போர், தளைப்பட்டவரின் தன்மானத்தையும் காக்கவேண்டும் அன்றோ?

நடந்தது என்ன? கலை அழியவில்லை. சதிர் என்ற பெயர் மறைந்து, பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. 1935இல் ருக்மிணி தேவி மேடையேறினார். உயர்சாதி இல்லங்களின் பெண்கள் பின்தொடர்ந்தனர். நேற்றுவரை இழிவென்று ஒதுக்கியது, கைமாறியதும் புனிதமாயிற்று! பழைய மரபிலே வந்த பாலசரசுவதி தம் ஆற்றலால் உலகப் புகழ் பெற்றார். 1977இல் பத்மவிபூசண் விருதும் பெற்றார். ஆனால், அவருக்குக் கிட்டிய மேடை எத்தனை பேருக்குக் கிட்டியது? தலைமுறை தலைமுறையாகக் கலையைக் காத்த குடும்பங்கள் பல, அந்தப் பெயரையே மறைத்து வாழ நேர்ந்தது. சட்டம் கழுத்துக் கயிற்றை அறுத்தது. சமுதாயம் கையிலிருந்த சலங்கையைப் பறித்துக்கொண்டது. முன்னது நீதி, பின்னது அநீதி. இரண்டையும் ஒன்றெனக் குழப்பி, சட்டத்தின்மேல் பழிபோடுவோர் உண்மையைக் காண மறுப்பவர்கள்.

கலைக்கும் இன்பத்திற்கும் உள்ள உறவு இங்கேதான் விளங்குகிறது. கலைஞன் துன்பத்தில் வெந்தால்தான் கலை ஒளிரும் என்பது, வெந்தவன் சொன்ன சொல்லன்று. ஒளியிலே அமர்ந்து சுவைத்தவன் சொன்ன சொல். மாட்டேன் என்று சொல்லும் உரிமை எவளுக்கு உண்டோ, அவள் ஆடும்போதுதான் ஆடல் அவளுக்கும் இன்பம்.

இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத் தமிழக அரசு 1989இல் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்திற்குச் சூட்டியது. 2022இல் அது அவர் பெயரிலேயே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. பொருத்தமான மாற்றம்! எங்கள் பள்ளி ஆண்டுவிழாவிலே சலங்கை கட்டி ஆடுகிறாள் ஒரு சிறுமி. கைதட்டல் ஓய்ந்ததும் சலங்கையைக் கழற்றிவைக்கிறாள். மறுநாள் கணக்குப் புத்தகத்தோடு வகுப்பிலே அமர்கிறாள். நாளை ஆடலாம், ஆடாமலும் இருக்கலாம். கட்டவும் கழற்றவும் அவளுக்கு உள்ள அந்த உரிமைக்குத்தான் இருபதாண்டு போராடினர். அதைக் காப்பது நம் கடன்.