என்புநோயும் தாதியர் நோக்கும்: மாத்தளை வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவும் அவற்றைக் கண்டறிந்த அறிஞர்தம் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. நோயாளியின் படுக்கையருகே நின்று, பார்த்தும் கேட்டும் தொட்டும் நோயின் போக்கை அறியும் தாதியரின் பணி அதில் இடம்பெறுவது அரிது. என்பில் ஏற்படும் கிருமித்தொற்றைச் சான்றாகக் கொண்டு, மாத்தளை மாவட்டத்தின் பின்னணியில் அப்பணியின் இன்றியமையாமையை நோக்குவோம்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடிய தமிழகத் தொழிலாளர் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தனர். வாந்திபேதியும் அம்மையும் வழியிலேயே பலரைப் பலிகொண்டன. எஞ்சியோர் காலணியின்றிக் காடழித்தனர். மண்வெட்டியும் கத்தியும் கல்லும் முள்ளும் அவர்தம் கால்களைப் புண்படுத்தின. நெடுநாள் ஆறாத புண் ஆழ்ந்து சென்று என்பைப் பற்றக்கூடும் என்பது மருத்துவம் கண்ட உண்மை.

தோட்டப் பகுதிகளின் மருத்துவத் தேவைகள் குறித்து 1872இலும், மீண்டும் 1912இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆயின் தோட்ட நிருவாகத்தின் கணக்கில் தொழிலாளி உழைப்புச் சக்தியாகவே மதிக்கப்பட்டான். வேலைக்கு வராதவருக்குச் 'செக்றோலில்' பேர் இல்லை. பேர் இல்லையேல் கூலியும் இல்லை. இத்தகைய அமைப்பில் வலியைச் சொல்வதினும் மறைப்பதே பிழைக்கும் வழியாயிற்று எனலாம்.

உலர்வலயக் கிராமத்து மக்களை வாட்டிய 'பறங்கி' நோயும் இங்கு கருதற்பாலது. தோலில் தொடங்கும் அந்நோய், முற்றிய நிலையில் என்பையும் தாக்கி முழந்தாளுக்குக் கீழுள்ள கணைக்கால் என்பை வாள்போல் வளைத்துவிடும். பிரதம சிவில் வைத்திய அதிகாரியாகவிருந்த கின்சி 1881இல் அதுபற்றி விரிவான அறிக்கை வெளியிட்டார். அதன் கிருமியை 1905இல் கொழும்பில் கண்டறிந்தவர் கஸ்டெலானி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவலாகக் கிடைத்த பெனிசிலின், பறங்கி நோயோடு பிற என்புத் தொற்றுகளின் கதியையும் பெரிதும் மாற்றியது.

ஆயினும் மருந்து தானாக நோயைக் கண்டுகொள்வதில்லை. நோயாளரைக் கூர்ந்து நோக்குதலே தாதியரின் முதற்கடமை என்பதை 1859இல் நைட்டிங்கேல் தம் நூலில் தனி அத்தியாயமாகவே எழுதினார். என்புத் தொற்றில் அந்நோக்கு எதையெதை நாடுகிறது? காய்ச்சல், ஓரிடத்தில் நிலைத்த வலி, வீக்கம், சூடு, சிவப்பு, சீழ் வடிதல் ஆகியவற்றை. புண்ணுக்குக் கீழே நாடித்துடிப்பும் உணர்ச்சியும் உள்ளனவா என்பதை. அடிபட்டது எப்போது, முன்னர் உண்ட மருந்து எது, நீரிழிவு உண்டா என்பவற்றை. குழந்தை காலை ஊன்ற மறுப்பதே முதல் அறிகுறியாக இருக்கலாம். நாட்பட்ட தொற்றிலோ காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். சீழ் கசியும் சிறு துவாரம் மட்டுமே சான்றாக நிற்கக்கூடும். நீரிழிவால் உணர்ச்சி மங்கிய பாதத்தில் வலியும் தோன்றாதிருக்கலாம்.

இவற்றுட் பாதி கண்ணால் அறிவன, மறுபாதி கேட்டறிவன. கேட்பதற்கு மொழி வேண்டும். இங்கேயே மருத்துவம் அரசியலைச் சந்திக்கின்றது. 1948இன் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாயிற்று. தமிழும் ஆட்சிமொழியென அரசியலமைப்பு ஏற்றது 1987இலேயே. குத்துவலியா, குடைச்சலா, இரவில் மிகுகிறதா என்ற வினாக்களைச் சட்டம் கேட்பதில்லை, தாதியே கேட்கவேண்டும். கேட்பவர் மொழியும் சொல்பவர் மொழியும் வேறுபடுமிடத்து, தாளில் எழுதப்படுவது 'கால்வலி' என்னும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடும் அபாயம் உண்டு.

எனவே தாதியர் கல்வியில் இருமொழிப் பயிற்சியைச் சலுகையாகவன்றி, நோயறியும் கருவியாகவே நாம் கொள்ளவேண்டும். வெப்பமானிக்கு உள்ள இடம் அதற்கும் உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எண்ணப்பட்ட கால்கள் இனியேனும் கேட்கப்படவேண்டும்.